கடல் கடப்போரும் கைப்பேசிக் கட்டணமும்

உற்றாரையும் பெற்றாரையும் பிரிந்து சேய்மைக்கண் வாழும் ஒருவர்க்கு அவர்தம் குரலைக் கேட்பதினும் இனியதொன்று வேறில்லை. முற்காலத்தில் அவ்வின்பம் எளிதிற் கிடைப்பதாயிருந்திலது. சென்னையினின்று பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்வரை கடலடியில் தந்திக் கம்பி இடப்பட்டது 1871-ஆம் ஆண்டளவிலாகும். அதற்கு முன்னெல்லாம் அக்கரைச் சீமைக்குச் சென்றாரைப் பற்றிய செய்தி கப்பல் வரும்போதுதான் வரும். தந்தி வந்த பின்னரும் சொல்லொன்றுக்கு இவ்வளவு பணம் என்னும் கணக்கு இருந்தமையால், பிறப்பு இறப்புப் போன்ற பெருஞ்செய்திகளையே மக்கள் அதன் வாயிலாக அனுப்பினர். இக்காலத்திலோ நிலைமை முற்றும் வேறு. 2002-ஆம் ஆண்டிற் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கம்பி இடப்பட்டது. அதன்பின் வேறு கம்பிகளும் சென்னைக் கரையை வந்தடைந்தன. அவற்றின் வழியே ஒரு நொடிப்பொழுதிற்குள் குரலும் முகமும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

வழி இவ்வளவு அகலமாயிருக்கவும், வெளிநாடு சென்று மீள்வோர் சிலர் தம் கைப்பேசிக் கம்பெனி அனுப்பும் பில்லைக் கண்டு திகைக்கின்றனர். ஊரில் மாதத்திற்குச் சில நூறு ரூபாய் செலுத்தி வந்தவர், நான்கு நாள் யாத்திரைக்குப் பல்லாயிரம் செலுத்தும்படி நேர்கின்றது. வேறு சிலரோ, இத்தகைய செய்திகளைக் கேட்டு அஞ்சி, விமானம் ஏறும்போதே கைப்பேசியை அணைத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகின்றனர். இவர்க்குப் பணம் மிஞ்சும். ஆனால் ஊரில் தாயார் நோயுற்றுப் படுத்த செய்தி இரண்டு மூன்று நாட் கழித்தே எட்டும். பணத்தை இழப்பது துன்பம். வேண்டிய வேளையிற் செய்தியை இழப்பது அதனினும் பெருந்துன்பம். இவ்விரண்டும் நேராவண்ணம் காத்துக்கொள்ளுதல் அரிதன்று. கைப்பேசி அயல்நாட்டில் எங்ஙனம் இயங்குகின்றது என்பதைப் பற்றிய சிறிது அறிவும், புறப்படுமுன் அரைமணி நேர முயற்சியுமே அதற்கு வேண்டுவன.

இவ்விஷயம் யாரோ சில செல்வர்க்கு மட்டும் உரியதென்று கருதற்க. சென்னையின் மேற்குப் புறத்தே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் வாழ்வாரை நோக்குவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் பட்டறை நடத்துவோர் இயந்திரம் வாங்கவும் சரக்கு விற்கவும் ஒரு வாரம், பத்து நாள் என அயல்நாடு சென்று மீள்கின்றனர். ஆவடிப் பக்கத்தில் ஃபிட்டர், வெல்டர் முதலிய தொழில்களைக் கற்ற இளைஞர்கள் துபாய்க்கும் கத்தாருக்கும் சிங்கப்பூருக்கும் ஈராண்டு ஒப்பந்தத்திற் செல்கின்றனர். பூந்தமல்லியில் ஓய்வுபெற்று வாழும் பெற்றோர், அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள மகளின் பேறுகாலத்திற்கு உதவும்பொருட்டுச் சில மாதம் தங்கப் புறப்படுகின்றனர். நம் கல்லூரியிற் பட்டம் பெற்று மேற்படிப்பிற்குச் செல்வோரைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நால்வர்க்கும் தேவை ஒன்றன்று. ஆதலின் வழியும் ஒன்றன்று. முன்னர் அடிப்படையை ஆராய்ந்து, பின்னர் அவரவர்க்கு ஏற்ற வழியைக் கூறுவாம்.

கைப்பேசி அயல்நாட்டில் இயங்குமாறு

நம் கைப்பேசியினுள் உள்ள சிம் அட்டையில் 15 இலக்கங்கொண்ட ஓர் எண் பதிந்துள்ளது. நாம் பிறர்க்குச் சொல்லும் பத்து இலக்கத் தொலைபேசி எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்தியாவிற்கு 404, 405 என்பனவும், இலங்கைக்கு 413 என்பதும், மலேசியாவிற்கு 502 என்பதும், சிங்கப்பூருக்கு 525 என்பதும் உரியன. அடுத்துவரும் இலக்கங்கள் கம்பெனியைக் குறிக்கும். எஞ்சியவை வாடிக்கையாளரைக் குறிக்கும்.

ஒருவர் சிங்கப்பூரில் இறங்கித் தம் கைப்பேசியை இயக்கினால், அஃது அங்குள்ள கோபுரம் ஒன்றிற்குத் தன் எண்ணை அறிவிக்கின்றது. அவ்வூர்க் கம்பெனி எண்ணின் முற்பகுதியைக் கண்டு, ‘இவர் இந்தியாவினின்று வந்தவர், இன்ன கம்பெனியைச் சேர்ந்தவர்’ எனத் தெளிகின்றது. உடனே அது நம் நாட்டுக் கம்பெனியின் பதிவேட்டை வினவுகின்றது. ‘ஆம், இவர் எம் வாடிக்கையாளரே, இவர்க்கு வெளிநாட்டுச் சேவை தரலாம்’ என்னும் விடை வந்தால் இணைப்புக் கிடைக்கும். ‘இவர் அச்சேவையைக் கேட்டுப் பெறவில்லை’ என விடை வரின் இணைப்புக் கிடைக்காது. இவ்வினாவும் விடையும் சில நொடிகளில் முடிகின்றன. இங்ஙனம் ஒரு நாட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர்க்கு மற்றொரு நாட்டுக் கம்பெனி தன் கோபுரங்களை இரவல் தருதலையே ரோமிங் என வழங்குகின்றனர்.

இத்தகைய ஒப்பந்தம் முதன்முதல் 1992-ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றிற்கும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றிற்கும் இடையே ஏற்பட்டது. நம் நாட்டிற் கைப்பேசி வாயிலான முதற்பேச்சு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவினின்று டில்லிக்கு நிகழ்ந்தது. பேசினவர் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு. கேட்டவர் மத்திய அமைச்சர் சுக்ராம். அக்காலத்தில் நம் நாட்டில் வருகின்ற அழைப்பிற்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2003-ஆம் ஆண்டில் அழைப்பவரே கட்டணத்தை ஏற்கும் முறை வந்த பின்னரே அந்நிலை நீங்கிற்று. ஆயின் நாட்டெல்லையைக் கடந்தவுடன் அப்பழைய நிலை மீண்டும் தலைகாட்டுகின்றது. அதன் காரணத்தை இனி ஆராய்வாம்.

பில் பெருகுவதற்குரிய காரணங்கள்

முதலாவது காரணம் அழைப்புச் செல்லும் வழி. அம்பத்தூரிலுள்ள மனைவி சிங்கப்பூர் சென்ற கணவரை அவருடைய இந்திய எண்ணில் அழைப்பதாகக் கொள்வோம். அவர் உள்ளூர் எண்ணை அழைப்பதாகவே அம்மையார்க்குக் கணக்கு. அழைப்பு முதலில் நம் நாட்டுக் கம்பெனியையே அடைகின்றது. ஆங்கு, கணவர் சிங்கப்பூரில் உள்ளார் என்பது தெரிந்தவுடன், அழைப்புக் கடல் கடந்து அனுப்பப்படுகின்றது. கடல் கடந்த அப்பகுதிக்கு யார் பணம் தருவது? அழைத்த மனைவிக்குக் கணவர் அயல்நாட்டில் உள்ளார் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்னும் நியதியில்லை. ஆதலின் அக்கட்டணம் அழைப்பை ஏற்ற கணவர்மேல் விழுகின்றது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. அம்பத்தூர் நண்பர் இருவர் சிங்கப்பூரில் ஒரே தெருவில் நின்றுகொண்டு தம் இந்திய எண்களிற் பேசிக்கொள்கின்றனர் எனக் கொள்க. ஒருவரது அழைப்புச் சிங்கப்பூரினின்று இந்தியா வந்து, மீண்டும் சிங்கப்பூர் சென்று மற்றவரைச் சேர்கின்றது. அழைத்தவர்க்கு வெளிநாட்டு அழைப்புக் கட்டணம். கேட்டவர்க்கு வரும் அழைப்புக் கட்டணம். கூப்பிடு தூரத்தில் உள்ளவருடன் பேசுவதற்கு இருமுறை கடல் கடந்த செலவு!

ஏற்கப்படாத அழைப்பும் சில வேளைகளிற் செலவு வைக்கும். நாம் எடுக்காத அழைப்புகள் வேறோர் எண்ணிற்குத் திருப்பப்படுமாறு ஏற்பாடு செய்திருந்தால், அழைப்பு முதலில் அயல்நாட்டிற்கு வந்து, எடுப்பாரின்றி, மீண்டும் இந்திய எண்ணிற்குத் திரும்புகின்றது. போக்கிற்கும் வரவிற்கும் கட்டணம் நம்மைச் சேரக்கூடும். ஆதலின் புறப்படுமுன் அவ்வேற்பாட்டை நீக்கிவிடுதல் நலம்.

இரண்டாவது காரணம், நாம் அறியாமலே கைப்பேசி செய்யும் செலவு. பேச்சிற்கு நாமே வாய் திறக்க வேண்டும், டேட்டாவிற்கோ அங்ஙனமில்லை. நாம் உறங்கும்போதும் அக்கருவி உறங்குவதில்லை. எடுத்த புகைப்படங்களை எங்கோ உள்ள பண்டகசாலைக்கு அனுப்புகின்றது, செயலிகளைப் புதுப்பிக்கின்றது, உறவினர் குழுவில் வந்த காலை வணக்கப் படங்களையெல்லாம் இறக்கி வைக்கின்றது. ஊரில் இவை நம் மாதக் கட்டணத்துள் அடங்கிவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. அயல்நாட்டில், பேக் எனப்படும் முன்கட்டணத் திட்டம் ஒன்றும் பெறாதவர்க்கு ஒவ்வொரு மெகாபைட்டிற்கும் தனி விலை உண்டு.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். விலை கம்பெனிதோறும் நாடுதோறும் வேறுபடுமாதலால், கணக்கின்பொருட்டு மெகாபைட்டொன்றுக்கு 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பிற் குரலால் மட்டும் பேசினால் நிமிஷத்திற்கு அரை மெகாபைட்டளவு செல்லும். பத்து நிமிஷத்திற்கு 5 மெகாபைட். கட்டணம் 500 ரூபாய். முகம் பார்த்துப் பேசினால் நிமிஷத்திற்கு 5 மெகாபைட்டளவு. பத்து நிமிஷத்திற்கு 50. கட்டணம் 5,000 ரூபாய். புகைப்படம் ஒன்று 4 மெகாபைட் என்றால், ஒரு நாளில் எடுத்த நூறு படங்கள் இரவில் தாமே பண்டகசாலைக்குச் செல்லும்போது 400 மெகாபைட் ஆகும். கட்டணம் 40,000 ரூபாய். வாட்ஸ்அப்பிற் பேசுவது இலவசம் எனப் பலர் சொல்லக் கேட்கின்றோம். பேச்சு இலவசமே, அதனைச் சுமந்து செல்லும் வண்டிக்குக் கூலி உண்டு என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது காரணம் கணக்கின் தாமதம். நாம் அயல்நாட்டிற் செலவிடுவதை அவ்வூர்க் கம்பெனி குறித்துக்கொண்டு, பின்னர் நம் கம்பெனிக்கு அனுப்புகின்றது. முன்னெல்லாம் இக்கணக்கு வந்து சேர ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதற்குள் செலவு எல்லை கடந்துவிடும். திருட்டுச் சிம்களால் கம்பெனிகளே பேரிழப்பு அடைந்தமையின், நான்கு மணி நேரத்திற்குள் கணக்கை அனுப்ப வேண்டும் என்னும் விதி 2008-ஆம் ஆண்டில் உலகக் கம்பெனிகளின் சங்கத்தாற் கொண்டுவரப்பட்டது. எனினும் நான்கு மணி நேரம் ஒரு திரைப்படம் பார்த்து முடிப்பதற்குப் போதுமானதன்றோ? எச்சரிக்கைச் செய்தி வருமுன் பணம் போய்விடக்கூடும்.

இம்மூன்றையும் நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். கடலடிக் கம்பியில் ஒரு மெகாபைட்டைச் செலுத்த ஆகும் செலவு மிகச் சிறிது. பில் பெருகுவது தூரத்தால் அன்று. கம்பெனிகள் தமக்குள் செய்துகொள்ளும் மொத்த விலை ஒப்பந்தங்களாலும், வாடிக்கையாளர் கேட்டுப் பெறாமையாலுமேயாம். ஆகவே, கேட்டுப் பெறுவோர்க்கு விலை குறைவாகவும் கேளாதார்க்கு மிகுதியாகவும் அமைந்துள்ளது.

செலவைக் குறைக்கும் வழிகள்

வழிகள் நான்கு உள. ஒன்று, நம் கம்பெனியிடமே வெளிநாட்டு ரோமிங் பேக் பெறுதல். இரண்டு, சென்ற நாட்டில் ஒரு சிம் வாங்குதல். மூன்று, இ-சிம் பெறுதல். நான்கு, வைஃபை கிடைக்குமிடத்தில் மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்துதல்.

ரோமிங் பேக் என்பது, இத்தனை நாளைக்கு இவ்வளவு டேட்டா, இத்தனை நிமிஷப் பேச்சு என முன்னரே விலை பேசி வாங்கும் முறை. எண் மாறாது, அலைச்சலில்லை. ஒரு வாரம், பத்து நாள் சென்று மீளும் தொழிற்பேட்டை அன்பர்க்கு இதுவே பொருந்தும். ஆயினும் வாங்குமுன் நான்கினைக் கேட்டறிதல் வேண்டும். செல்லும் நாடு அப்பேக்கிற்கு உட்பட்டதா? வழியில் விமானம் மாறும் நாடும் உட்பட்டதா? பேக் தொடங்குவது வாங்கிய நாளிலா, அயல்நாட்டில் இறங்கிய நாளிலா? உரிய அளவு தீர்ந்தபின் இணைப்பு நின்றுவிடுமா, அன்றித் தனிவிலையிற் கணக்கு ஓடுமா? இவற்றுள் இறுதி வினாவே தலையாயது. பேக் வாங்கியும் பெரிய பில் பெற்றோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே ஏமாறுகின்றனர்.

சென்ற நாட்டுச் சிம் வாங்குதல், ஒரு மாதத்திற்கு மேல் தங்குவோர்க்கும் தொழில்புரியச் செல்வோர்க்கும் ஏற்றது. அவ்வூர் விலையில் அவ்வூர்ச் சேவை கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொள்ளுதல் பல நாடுகளிற் கட்டாயம். விமான நிலையக் கடையினும் ஊருக்குள் உள்ள கடையில் விலை குறைவாக இருத்தல் கூடும். பிறர் பெயரில் உள்ள சிம்மை வாங்குதலும், தம் பெயரிற் சிம் எடுத்துப் பிறர்க்குக் கொடுத்தலும் கூடாவாம். அச்சிம்மாற் குற்றம் நிகழின் பெயருக்குரியவரே விசாரணைக்கு உள்ளாவர்.

இ-சிம் என்பது அட்டையின்றி, கைப்பேசியினுள் அமைந்த சில்லிற் பதியப்படும் சிம். 2018-ஆம் ஆண்டு முதல் இது பெரிதும் பரவலாயிற்று. 2022-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் அட்டை செருகும் இடமே இல்லை. ஆவடியில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விலை கொடுத்து இதனைப் பெறலாம். அயல்நாட்டில் இறங்கியவுடன் இயங்கும். பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருவன. சாதாரண அழைப்பிற்குரிய எண் தருவதில்லை. தம் கைப்பேசி இ-சிம் ஏற்கும் வகையினதா என்பதை வாங்குமுன் அறிந்துகொள்க. பதிவு செய்தற்கு இணையம் வேண்டுமாதலால் அதனை ஊரிலேயே செய்து முடித்தல் நன்று.

வைஃபை மட்டும் கொண்டு காலங்கழித்தல், மகள் வீட்டில் தங்கியிருக்கும் பெற்றோர்க்குப் பெரும்பாலும் போதும். வீட்டில் வைஃபை உண்டு. வெளியே செல்வது மக்களுடனேயாம். எனினும் தனியே உலாவச் செல்லும் பழக்கமுள்ளவர் ஒரு சிறு திட்டமேனும் வைத்துக்கொள்ளுதல் பாதுகாப்பாகும். பொதுவிடங்களில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறத்தல் தவிர்க்கத்தக்கது.

இரண்டு சிம்களை ஒருங்கே ஆளுதல்

இக்காலத்துக் கைப்பேசிகள் பெரும்பாலும் இரண்டு சிம் கொள்வன. இது பயணிக்குப் பெரிய உபகாரம். இந்தியச் சிம்மை அழைப்பிற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, அயல்நாட்டுச் சிம்மையோ இ-சிம்மையோ டேட்டாவிற்கு வைத்துக்கொள்ளலாம். அங்ஙனம் செய்வோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. கைப்பேசியின் அமைப்புகளில் ‘டேட்டா ரோமிங்’ என ஒன்று உண்டு. இந்தியச் சிம்மிற்கு அதனை நிறுத்திவைக்க வேண்டும். ஒரு சிம்மில் இணைப்புக் குறைந்தால் தானே மற்றொரு சிம்மின் டேட்டாவிற்கு மாறும் வசதியும் சில கைப்பேசிகளில் உண்டு. அதனையும் நிறுத்த வேண்டும். இல்லையேல் மலிவான சிம் வாங்கியும் இந்தியச் சிம்மிற் பணம் கரையும்.

இந்தியச் சிம்மை எடுத்தெறியாது உடன் வைத்திருத்தல் ஏன்? நம் வங்கிகள் பணம் அனுப்பும்போதும் கார்டால் வாங்கும்போதும் ஓடிபி என்னும் ஒருமுறைச் சொல்லைக் குறுஞ்செய்தியாக நம் பதிந்த எண்ணிற்கே அனுப்புகின்றன. அவ்வெண் உயிரோடில்லையேல், கணக்கிற் பணம் இருந்தும் எடுக்க முடியாது. ஆதலின் புறப்படுமுன் வெளிநாட்டு ரோமிங்கை இயக்குவித்துக்கொள்ள வேண்டும்; அஃதின்றேல் முன்னர்க் கூறிய வினா விடையில் ‘இல்லை’ என்னும் விடையே வரும். வருகின்ற குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆயினும் தம் திட்டத்தில் அஃது எங்ஙனம் என்பதை உசாவி உறுதிசெய்க.

நீண்டநாள் தங்குவோர்க்கு மற்றுமொன்று. ப்ரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமலும், 20 ரூபாய்க்குக் குறைந்த இருப்புடனும் விட்டுவைத்தால், கம்பெனி அவ்வெண்ணை முடக்கலாம் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-ஆம் ஆண்டில் வகுத்த விதி. முடக்கப்பட்ட எண் காலப்போக்கிற் பிறர்க்கு வழங்கப்படும். அதன்பின் நம் வங்கிச் செய்திகள் முன்பின் அறியாதார் ஒருவர் கைக்குச் செல்லும். ஆகவே ஈராண்டு ஒப்பந்தத்திற் செல்லும் இளைஞர், ஊரிலுள்ள தம்பியிடமோ தந்தையாரிடமோ சொல்லி, உரிய காலத்தில் ரீசார்ஜ் செய்யுமாறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

போஸ்ட்பெய்டு வைத்திருப்பார்க்கும் ஒரு சொல். ப்ரீபெய்டில் இழப்பு இருப்பின் அளவே. போஸ்ட்பெய்டில் அத்தகைய வேலி தானே அமைவதில்லை. கம்பெனியாரிடம் கடன் எல்லை எவ்வளவு என்பதை வினவி, தேவையாயிற் குறைத்துக்கொள்ளலாம்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

எல்லா நாடுகளிலும் ஒரே முறை செல்லாது. ஐக்கிய அரபு நாடுகளில் வாட்ஸ்அப் வாயிலாக எழுத்துச் செய்தி செல்லும். ஆனால் அதன் வழியே பேசுவதற்கு நெடுங்காலமாகத் தடையுண்டு. அரசாங்கம் இசைந்த போட்டிம் முதலிய செயலிகளையே அங்குள்ளோர் கையாள்கின்றனர். ஆதலின் துபாய் செல்லும் இளைஞர் புறப்படுமுன்னரே தம் வீட்டாரின் கைப்பேசியிலும் அத்தகைய செயலியொன்றை ஏற்றிப் பழக்கிவிட்டுச் செல்லுதல் நலம். சீனாவில் வாட்ஸ்அப் முதலியன 2017-ஆம் ஆண்டு முதலே தடைப்பட்டுள்ளன. ஆயினும் இந்தியச் சிம்மின் ரோமிங் டேட்டா நம் கம்பெனியின் வாயிலாகவே இணையத்தை அடைவதால், அத்தடை பெரும்பாலும் அதனைத் தடுப்பதில்லை. அங்குச் செல்லும் வணிகர்க்கு உள்ளூர்ச் சிம்மினும் ரோமிங் பேக்கே பயன்படும்.

முதியோர் சிலர் பொத்தான் கைப்பேசியையே விரும்புவர். அவற்றுட் பல இரண்டாந் தலைமுறை அலைவரிசையில் மட்டும் இயங்குவன. சிங்கப்பூரில் அத்தலைமுறைச் சேவை 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் பெருங்கம்பெனிகள் 2022-ஆம் ஆண்டில் மூன்றாந் தலைமுறையையும் நிறுத்தின. ஆஸ்திரேலியாவில் அது 2024-ஆம் ஆண்டில் நின்றது. அக்கருவிகளைக் கொண்டுசென்றால் எந்தப் பேக்கும் பயன்தராது. நான்காந் தலைமுறைக் கருவியொன்றைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே வாங்கிக் கொடுத்துப் பழக்குதல் மக்களின் கடமையாம்.

ஐரோப்பாவின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. ஆங்கு ரோமிங் கட்டணம் மிகுந்திருந்தமையால், ஐரோப்பிய ஒன்றியம் 2007-ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, அழைப்பிற்கு நிமிஷத்திற்கு 49 சென்ட் என்னும் உச்ச விலையை விதித்தது. 2010-ஆம் ஆண்டில், டேட்டாச் செலவு 50 யூரோவை எட்டியவுடன் இணைப்பு நிற்க வேண்டும் என்னும் காப்பும் வந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் முதல், ஒன்றியத்தின் ஒரு நாட்டுச் சிம் மற்றொரு நாட்டிலும் உள்நாட்டு விலையிலேயே இயங்குகின்றது. 2022-இல் இவ்விதி மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது. பிரான்ஸில் வாங்கிய சிம்மை ஜெர்மனியிலும் இத்தாலியிலும் நியாயமான அளவிற்குள் கூடுதற் செலவின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் நடுவே உள்ள ஸ்விட்சர்லாந்து ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று, இங்கிலாந்தும் விலகிவிட்டது. ரயிலில் எல்லை கடப்போர் இதனை மறந்து இடர்ப்படுகின்றனர்.

கம்பெனியர் தாமே மனமிரங்கி விலையைக் குறைத்தாரல்லர். சட்டம் குறைப்பித்தது என்பது இவ்வரலாற்றால் விளங்கும். நம் நாட்டிலும் மேற்கூறிய ஆணையம் 2020-ஆம் ஆண்டில், வெளிநாட்டு ரோமிங்கில் வாடிக்கையாளர் எதிர்பாராத பெருங்கட்டணத்திற்கு உள்ளாவதைப் பற்றிக் கருத்தறியும் அறிக்கையொன்றை வெளியிட்டது. இத்தகைய அறிக்கைகளுக்குப் பொதுமக்கள் எவரும் தம் கருத்தை எழுதியனுப்பலாம். படித்தவர் அவ்வுரிமையைக் கையாளாது, பில் வந்தபின் வருந்துவதாற் பயனில்லை.

வானிலும் கடலிலும் எல்லையிலும்

விமானத்திலும் உல்லாசக் கப்பலிலும் சில வேளைகளிற் கைப்பேசிக்கு இணைப்புக் கிடைக்கும். அது செயற்கைக்கோள் வழியாக வருவது, எந்நாட்டிற்கும் உட்படாதது, சாதாரணப் பேக்குகளிற் பெரும்பாலும் அடங்காதது. அதன் விலை நிலத்து விலையினும் பன்மடங்கு மிகுதி. ஆதலின் விமானத்தில் அமர்ந்தவுடன் ஏரோப்ளேன் மோடை இயக்குதல் விமானத்தின் பாதுகாப்பிற்கு மட்டுமேயன்றி நம் பணப்பையின் பாதுகாப்பிற்கும் உரியதாம். கப்பலில் நடுக்கடலிலும் அதனையே செய்க.

கடல் கடவாமலே கைப்பேசி கடல் கடத்தலும் உண்டு. தனுஷ்கோடி முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கோபுரத்தின் அலைகள் நீர்ப்பரப்பின்மேல் தடையின்றி நெடுந்தூரம் செல்லுமாதலால், அங்கு நிற்பவரது கைப்பேசி இலங்கைக் கம்பெனியைப் பற்றிக்கொள்ளுதல் கூடும். வெளிநாட்டு ரோமிங் இயக்கத்தில் உள்ளவர், இராமேசுவர யாத்திரையின்போது அதனை நிறுத்திவைத்தல் அறிவுடைமை.

புறப்படுமுன் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றைச் சுருக்கித் தருகின்றோம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னரே ரோமிங்கை இயக்குவித்து, பேக் அல்லது இ-சிம் பெறுக. டேட்டா ரோமிங்கையும், புகைப்படங்கள் தாமே ஏறுதலையும், செயலிகள் தாமே புதுப்பித்தலையும், வாட்ஸ்அப்பிற் படங்கள் தாமே இறங்குதலையும் நிறுத்துக. செல்லும் ஊரின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்க. அது பின்னர் டேட்டா இன்றியும் வழிகாட்டும். தொலைபேசி எண்களையெல்லாம் கூட்டற்குறியும் 91 என்பதும் முன்னிட்டுப் பதிந்துவைக்க. அங்ஙனம் பதிந்த எண் எந்நாட்டினின்று அழைத்தாலும் நம் நாட்டைச் சேரும்.

இறங்கியவுடன் வரும் குறுஞ்செய்தியைப் படியாது தள்ளற்க. அந்நாட்டிற்குரிய கட்டணமும் உதவி எண்ணும் பெரும்பாலும் அதில் இருக்கும். சென்ற நாட்டின் அவசர எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. சிங்கப்பூரிற் போலீஸிற்கு 999, ஆம்புலன்ஸிற்கு 995. அமெரிக்காவில் இரண்டிற்கும் 911. மக்களின் முகவரியும் எண்ணும் அத்தாளில் இருத்தல் வேண்டும். கைப்பேசி தொலைந்தால் அதனுள் உள்ள எண்களும் உடன் தொலையுமன்றோ?

காலக் கணக்கையும் நினைவிற்கொள்க. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முற்பட்டது. துபாய் ஒன்றரை மணி பிற்பட்டது. நாள்தோறும் இன்ன நேரத்தில், வைஃபை உள்ள இடத்தினின்று அழைப்பேன் என வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சென்றால், வீண் அழைப்புகளும் வீண் கவலையும் ஒருங்கே குறையும். மிக்க அவசரமாயின் இந்திய எண்ணையே அழைக்கலாம், அதன் செலவு பெரிதன்று என்பதையும் அவர்க்குத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். பேக்கின்றி வந்த அழைப்பேயாயினும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஒருவர் செல்வம் கரைந்துவிடாது. அச்சத்தால் அழையாதிருந்து, பின்னர் ‘அன்றே சொல்லியிருக்கலாமே’ என ஏங்குதலே மாற்றற்கரியது.

மாணவ நண்பர்க்கு இறுதியாக ஒன்று கூறி முடிப்பாம். இங்குச் சொல்லியவற்றுட் பல இளைஞர்க்கு முன்னரே தெரிந்தவையாக இருக்கலாம். அவர்தம் தெருவில் வாழும் முதியோர்க்கு அவை தெரியா. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ, அடுத்த வீட்டு அம்மையார் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, அரைமணி நேரம் அருகில் அமர்ந்து அவருடைய கைப்பேசியைச் செப்பம் செய்து, மகளின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து வருதல், கல்லூரியிற் கற்ற கல்வியின் சிறு பயனாகும். அவ்வம்மையார் அக்கரையில் இறங்கியவுடன் ‘நலமே சேர்ந்தேன்’ என ஊருக்குச் சொல்லும் ஒரு சொல்லில் அவ்வுதவியின் அருமை விளங்கும்.